ஆஃப்செட் குறித்து ஒரு திருத்தம்

நீண்ட பட்டியலைப் பக்கம் பக்கமாகக் காட்ட, தரவுத்தளத்திடம் இரண்டு எண்களைத் தருகிறோம்: எத்தனை பதிவுகள் வேண்டும் என்பது லிமிட், தொடக்கத்தில் எத்தனை பதிவுகளைத் தாண்ட வேண்டும் என்பது ஆஃப்செட். "லிமிட் 20 என்று கொடுத்தால் தரவுத்தளம் 20 பதிவுகளை மட்டுமே படிக்கும், ஆகவே முதல் பக்கமும் 5001ஆம் பக்கமும் ஒரே வேகத்தில் வரும்" என்று சொல்லப்படுவது சரியல்ல. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற இரண்டு தரவுத்தள மென்பொருள்களிலுமே ஆஃப்செட் 100000 என்று கேட்டால், அந்த ஒரு லட்சம் பதிவுகளையும் ஒவ்வொன்றாகக் கடந்து, எண்ணித் தள்ளிய பிறகே நமக்கு வேண்டிய 20 பதிவுகள் கிடைக்கின்றன. இன்டெக்ஸ் (பதிவுகளை வரிசைப்படி எடுக்க உதவும் அட்டவணை) இருந்தால் வரிசைப்படுத்தும் வேலை மிச்சமாகுமே தவிர, எண்ணிக் கடக்கும் வேலை மிச்சமாகாது. போஸ்ட்கிரெஸ்ஸில் வினவல் இயங்கிய விதத்தைப் படிப்படியாகக் காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால், லிமிட்டுக்குக் கீழுள்ள படியில் 100020 என்ற எண்ணிக்கையே தெரியும்.

வேகத்தைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவது பிழை. புதியவை முதலில் வரும் பட்டியலில், பயனர் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கையில் மூன்று பதிவுகள் சேர்ந்தால், ஏற்கெனவே பார்த்த மூன்று பதிவுகள் இரண்டாம் பக்கத்தில் மீண்டும் வரும்; முதல் பக்கத்தில் இருந்தவற்றில் மூன்று நீக்கப்பட்டால், வேறு மூன்று அவர் கண்ணிலேயே படாமல் போகும்.

கடைசியாகக் காட்டிய பதிவின் தேதியையும் ஐடியையும் கொடுத்து, அதற்கு முந்தைய 20 பதிவுகளைக் கேட்பதே உரிய வழி. தேதி மட்டும் போதாது, ஏனெனில் ஒரே நேரத்தில் பதிவான இரண்டில் ஒன்று விடுபடக்கூடும். இம்முறையில் நினைத்த பக்கத்துக்கு நேராகத் தாவ முடியாது என்பது உண்மைதான். சில நூறு பதிவுகளே உள்ள நிர்வாகப் பட்டியலுக்கு ஆஃப்செட்டே போதும்.