ஒப்பீடு 2020-இல் பிறந்ததல்ல
ஜாதியையும் நிறவெறியையும் முதன்முதலில் ஒப்பிட்டது அமெரிக்கப் பத்திரிகையாளர் இசபெல் வில்கர்சனின் 'காஸ்ட்' (2020) நூல்தான் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது தவறு. மராட்டியச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே 1873-லேயே 'குலாம்கிரி' (அடிமைத்தனம்) நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கிவிட்டார். 1946-இல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கேட்டு, கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதமே எழுதினார். இதைப் பற்றிப் படிக்க எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால்: ஜாதியமைப்பைத் தாங்குவதாக வில்கர்சன் சொல்லும் எட்டுத் தூண்களில் மூன்றாவது அகமணம், அதாவது சொந்த ஜாதிக்குள்ளேயே மணம் முடிப்பது. அந்த அத்தியாயத்துக்கு முன் அம்பேத்கர் 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் எழுதிய ஜாதி பற்றிய கட்டுரையைப் படியுங்கள், சின்னதுதான். அகமணம்தான் ஜாதியின் உயிர்நாடி என்று அதிலேயே வாதிட்டுவிட்டார். அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே பொருத்தினால் இடறும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1924-இல் வந்த சட்டப்படி வேற்றின ரத்தம் துளி கலந்திருந்தாலும் ஒருவர் வெள்ளையராகக் கருதப்படவில்லை, கோடு ஒன்றுதான். (அதிலும் பதினாறில் ஒரு பங்கு வரை செவ்விந்திய ரத்தத்துக்கு விலக்கு இருந்தது, பொகஹொன்டாஸ் என்ற செவ்விந்தியப் பெண்ணின் வம்சம் என்று பெருமை பேசிய மேட்டுக்குடிகளுக்காக!) இங்கே கோடு ஒன்றல்ல, படிக்கட்டு. கடைசிப் படி தவிர, ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே மிதிக்க இன்னொருவர் இருப்பதால்தான் ஒடுக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்வது இவ்வளவு கடினமாகிறது.