தண்டம் கட்டினால் கிறவல் குழி சட்டப்படியாகாது

"காணி சொந்தம், பிரதேச சபை லைசென்ஸ் இருக்கு, முன்னம் வெட்டினதுக்குக் கோர்ட்டில தண்டமும் கட்டியாச்சு, இனி கிறவல் (சரளை மண்) வெட்டலாம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நம்பிப் போகாதீங்க, இது பிழை. இலங்கையின் 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி நிலம் யாருடையதென்றாலும் அதிலுள்ள கனியம் அரசுக்குச் சொந்தம். அகழும் அனுமதிப்பத்திரத்தைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம்தான் தரும். சபை தருவது வியாபார அனுமதி மட்டும். டிப்பரில் ஏற்றிப்போக வேறு அனுமதி வேணும்.

தண்டம் நடந்த குற்றத்துக்கு. குழி அப்படியேதான் கிடக்கு. மட்டக்களப்பில் உன்னிச்சை, புல்லுமலைப் பக்கம் கிறவல் குழியின் விளிம்பைப் பார்த்திருக்கிறீங்களா? பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) அடிப்பக்கத்தைக் குடைந்து எடுத்தால் மேல்மண் புல்வேரோடு அந்தரத்தில் தொங்கும். மாரி பிறந்தால் அது இடியும், குழியும் நிரம்பும். மாடு தண்ணி குடிக்க இறங்குகிற இடம் அதுதான்.

ஆகவே முதலில் வேலையை நிறுத்துங்க. நில அளவையாளரைக் கொண்டு காணி எல்லை தாண்டி வெட்டியிருந்தால் அதை அளந்து, மறைக்காமல் பணியகத்தில் கொடுங்க. சுவரைச் சரிவாக்கி வேலி போடுகிற வேலை மாரிக்கு முந்தி முடியவேணும். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் அடுத்த லோட்.