அம்மாயியின் பெயர்

அம்மா வழிக் குடும்பக் கதையை எழுதி வைக்கச் சொல்லும் ஒரு கட்டுரையைப் படித்தேன். மிகச் சரி. நம் சான்றிதழ்களில் அம்மாவின் அம்மாவுக்கு, அதாவது அம்மாயிக்கு, இடமே கிடையாது.

என் அம்மா இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவான 5,25,000 பேரில் அவர்கள் குடும்பமும் உண்டு. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் கூடலூர். அப்போது கொண்டுவந்த குடும்ப அட்டை மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசையில் காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறது. அம்மாயியின் பெயரை எழுத்தில் நான் முதன்முதலாகப் பார்த்தது அதில்தான். உடனே ஸ்கேன் செய்து அண்ணன், தங்கை எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

பிறகு போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். வருடம், தேதி கேட்டால் பதில் வராது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுதான் லயம்; அதில் ஒரு அறை காம்பரா. "லயத்துல பக்கத்துக் காம்பராவுல யாரும்மா இருந்தாங்க?" என்றதும் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. பறித்த தேயிலைக் கொழுந்தின் எடை குறைந்த நாளில் அம்மாயிக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், போடுவார்களாம். அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் மாறிவிட்டது.

அட்டையில் பூர்வீகம் திருச்சி மாவட்டம், முசிறி தாலுகா என்று இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு அம்மாவை அங்கே கூட்டிப்போகிறேன்.