லேப் எண்ணாதீர்கள், கை எண்ணுங்கள்

"இன்னைக்கு எத்தனை லேப்?" குளத்தை எத்தனை முறை நீந்திக் கடந்தீர்கள் என்று நீச்சல்குளத்தில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது இப்படித்தான். எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது.

உடம்புக்காக நீந்த வரும் பெரியவர்களில் பலர் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறார்கள். மூச்சு எடுக்கத் தலையை முன்பக்கமாகத் தூக்குவார்கள். தலை ஏறினால் இடுப்பு இறங்கும், கால் தொங்கும். தொங்கும் காலை மேலே கொண்டுவர இன்னும் பலமாக உதைப்பார்கள். மறுகரை சேர்வதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஸ்டாமினா இல்லை என்று அலுத்துக்கொள்வார்கள். இருந்த ஸ்டாமினா எல்லாம் தண்ணீரை நுரையாக்குவதிலேயே தீர்ந்துபோயிருக்கும்.

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரு மடங்கானால் அதன் எதிர்ப்பு சுமார் நான்கு மடங்காகிவிடும். முரட்டு பலம் செல்லுபடியாகாத இடம் அது. 2009 ரோம் உலக சாம்பியன்ஷிப் போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. வீரர்களுக்குத் திடீரென்று தசை கூடிவிடவில்லை. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த நீச்சலுடை உடம்பை இறுக்கிப் பிடித்து, மிதப்பையும் கூட்டியது, அவ்வளவுதான். 2010 முதல் அந்த உடைகளுக்குத் தடை. தண்ணீரில் படுத்திருக்கும் விதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதனால் குளத்தின் ஒரு நீளத்துக்கு எத்தனை முறை கை போடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதே வேகத்தில் அந்த எண்ணிக்கை குறைந்தால் நீச்சல் தேறுகிறது. (1988 சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற ஜேனட் எவன்ஸ் காற்றாடி மாதிரி கையைச் சுழற்றித்தான் ஜெயித்தார். சரி, அவர் கதை வேறு.)

"நான் என்ன போட்டிக்கா போகிறேன், ஜாலிக்கு நீந்துபவனுக்கு எதற்கு நுணுக்கம்?" என்பார்கள். மூச்சு முட்டிக்கொண்டே இருந்தால் ஜாலி எங்கிருந்து வரும்? நீருக்குள் மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாக மூச்சை விட்டுக்கொண்டே இருந்தால், முகம் பக்கவாட்டில் திரும்பியதும் காற்றை இழுத்தால் போதும். உள்ளே அடக்கி வைத்துவிட்டு, திரும்பிய அந்த நொடியில் விடுவதும் இழுப்பதுமாகத் தவிப்பதால்தான் பாதிப் பேருக்குப் பதற்றமே.

பயிற்சியாளர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. வந்த முதல் நாளே கிக்போர்டை, அதாவது பிடித்துக்கொண்டு உதைக்கும் மிதவைப் பலகையை, கையில் கொடுத்து, தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உதைக்கச் சொல்கிறார்கள். அப்புறம் மாதக்கணக்கில் "தலையை இறக்குங்க" என்று கரையிலிருந்து கத்துகிறார்கள்.