முப்பது எவர்சில்வர் டம்ளர்

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. 'அமைதி, நீடித்த வளர்ச்சி, சமூக நீதி: அடித்தள மக்களைத் திரட்டுவது எப்படி?' வேலூரில் ஏசி ஹால். புதன்கிழமை காலை பத்தரை முதல் ஒன்றரை வரை. அப்புறம் மதிய விருந்து. பேச்சாளர் பட்டியலில் ஏழாவதாக என் பெயர், 'ஓய்வு பெற்ற ஆசிரியை, ஏரிப் பாதுகாப்புச் செயல்பாட்டாளர்' என்று. பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "சார், புதன்கிழமை பத்தரை மணிக்கு அடித்தள மக்கள் எங்க இருப்பாங்க?"

அவர் நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதான் மேடம், அவங்க சார்பா நீங்க வர்றீங்களே."

நான் போகவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசியிருப்பேனோ அதை இங்கே எழுதுகிறேன். பத்து நிமிடத்தைத் தாண்டும். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

எங்கள் ஊர் குடியாத்தத்துக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில். பெயர் போடவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2017இல் நல்ல வறட்சி. ஊரார் கூடி ஏரியைச் சீர்செய்வதற்கு இருந்த குடிமராமத்து என்ற பழைய பேரை அரசு தூசி தட்டி எடுத்த வருஷம். எங்கள் ஏரி பட்டியலில் வரவில்லை. சரி, நாமே கூடிப் பேசுவோம் என்று கிளம்பினோம். முதல் கூட்டம் ஞாயிறு காலை, திரௌபதி அம்மன் கோயில் மண்டபத்தில். ஊரில் அங்கேதான் நிழலும் ஃபேனும் ஜமுக்காளமும் உண்டு. முப்பத்து நான்கு பேர் வந்தார்கள். நோட்டுப் போட்டுக் கையெழுத்து வாங்கினேன். தலித் காலனியிலிருந்து ஒருத்தர்கூட இல்லை. "அவங்களுக்கு இதுல அக்கறை இல்ல டீச்சர்" என்றார் ஒருவர். நானும் தலையாட்டினேன். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதக் கூடாது.

மறுநாள் ரேஷன் கடை வரிசையில் என்னிடம் எட்டாவது வரை படித்த பெண் நின்றிருந்தாள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற வேலை. "கூட்டம் எங்க டீச்சர் நடந்திச்சு?" என்றாள். "கோயில் மண்டபத்துல" என்றேன். "ம்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சர்க்கரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுடைய அம்மா அந்த மண்டபத்தின் படியை இதுவரை ஏறியதில்லை என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். கூட்டத்துக்கு இடம் பார்த்தபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது கூட்டத்தை ரேஷன் கடை முன்னால் வைத்தோம். எத்தனை மணிக்கு என்று அவளையே கேட்டேன். கம்பெனி பஸ் ஏழேகாலுக்குத்தான் கூட்டு ரோட்டில் இறக்கிவிடும், தண்ணி பிடிக்கணும், குழம்பு வைக்கணும், எட்டரை என்றால் வரலாம் என்றாள். எட்டரை ஆனது. ராத்திரி கண் தெரியாது என்று சில பெரியவர்கள் நின்றுவிட்டார்கள். கண் நன்றாகத் தெரிகிற சிலரும் நின்றுவிட்டார்கள். மண்டபத்துக்கு வந்த முப்பத்து நான்கில் பதினேழு பேர் வரவில்லை. காலனியிலிருந்து இருபத்தொரு பேர் வந்தார்கள், பத்தொன்பது பேர் பெண்கள்.

அன்றைக்கு ராத்திரிதான் ஏரியைப் பற்றி முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் மிகையில்லை. மதகு ஷட்டர் ஒழுகுகிறது, மாற்றித் தாருங்கள் என்று மனு எழுதி வைத்திருந்தோம். அதைப் படித்துக் காட்டினேன். எழுபது வயசுக்கு மேலான ஓர் அம்மா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர் (எங்கள் பக்கம் அதற்கு 'ஏரி வேலை' என்றே பேர்), கையை நீட்டி நிறுத்தினார். "ஷட்டர்ல இன்னா கீது? அடிக்கல்லு பேந்து கீது. ஷட்டர மாத்தினாலும் தண்ணி அடியால பூடும்." மறுநாள் போய்ப் பார்த்தோம். அடிக்கல்தான். வருஷா வருஷம் அந்த மதகுக்குப் பக்கத்தில் மண் வாரிய கை அது. யாரும் அவரைக் கேட்டதில்லை.

இனி டம்ளர் கதை. கூட்டத்துக்கு டீ வேண்டும் அல்லவா? பேப்பர் கப் வேண்டாம், பேசுவது ஏரியைப் பற்றி, விடிந்தால் கப் எல்லாம் ஏரிக்கரையில் கிடக்கும் என்று சொல்லிக் குடியாத்தத்தில் முப்பது எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். குப்பையைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை. பேப்பர் கப் வந்ததால் எங்கள் ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். ஒழியவில்லை. குடித்ததும் கசக்கி எறிந்துவிடுவதால் அந்தப் பேச்சுக்கே வேலை இல்லாமல் போயிருந்தது. கழுவித் திரும்ப வைக்கிற டம்ளர் வந்ததும் பழைய கணக்கு வெளியே வந்தது.

மூன்றாவது கூட்டம் முடிந்து கழுவிக் கவிழ்த்தபோது பார்த்தேன். பன்னிரண்டு டம்ளரின் அடியில் சின்னதாகச் சிவப்புப் புள்ளி. நெயில் பாலிஷ். ஊர்ப் பக்கம் உட்காருகிறவர்களுக்கு எந்த டம்ளர் என்று யாரோ அடையாளம் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது. பஞ்சாயத்து வைக்கலாமா, சுரண்டி எடுத்துவிடலாமா, யாரென்று விசாரிக்கலாமா என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். அடுத்த ஞாயிறு அந்த ஷூ கம்பெனிப் பெண் சீக்கிரமாகவே வந்தாள். கைப்பையிலிருந்து நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்தாள், அதே சிவப்பு. மீதிப் பதினெட்டு டம்ளருக்கும் உட்கார்ந்து பொறுமையாகப் புள்ளி வைத்தாள். "இப்ப எடுத்துக் குடு டீச்சர்" என்றாள்.

அன்று இரண்டு பேர் டீ வேண்டாம் என்றார்கள். அதில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி, அவர் எப்போதும் வேண்டாம் என்பார். இன்னொருவர் ஆறு மாதம் கழித்துக் குடித்தார். இதைச் சமூக மாற்றம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அவர் வீட்டுத் திண்ணையில் இன்றைக்கும் நிலைமை வேறு.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு' என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டது. ஆறு, எங்கள் பாலாறு, அப்படியே கிடக்கிறது. 2021 நவம்பரில் வெள்ளம் வந்து எங்கள் ஏரியும் நிரம்பிக் கோடி போனபோது கிடா வெட்டினோம். அது வேறு கதை. பாலாற்றின் உண்மையான கதை நீதிமன்றத்தில் இருக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை ஆற்றில் விடுவதை எதிர்த்து வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 1991இல். 1996 ஆகஸ்ட் 28 அன்று குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று சொன்ன தீர்ப்பு அது. இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுத்தாலும் நம் ஊர்ப் பேர் வரும். தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழாகிவிட்டது என்று அதில் எழுதியிருக்கிறது.

பிறகு ஓர் ஆணையம் கணக்குப் போட்டது. 2001இல் வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்கள் என்று 29,193 பேரை அடையாளம் கண்டு சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று சொன்னது. வகுத்துப் பாருங்கள், சராசரி பத்தாயிரம்கூட வராது. அதன் பாக்கியும் ஆற்றின் பாக்கியும் இழுத்துக்கொண்டே போய், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி ஓர் உத்தரவு போட்டது: விட்டுப்போனவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுங்கள், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழு போடுங்கள், நாங்கள் தொடர்ந்து கண்காணிப்போம் என்று. 1991இலிருந்து முப்பத்து நான்கு வருஷம். காகிதத்தைப் பத்திரமாக வைத்து, வாய்தாவுக்கு வாய்தா போய், சளைக்காமல் நின்றவர்களை நான் கும்பிடுகிறேன். அவர்கள் இல்லையென்றால் 'பாலாறு கெட்டுப்போச்சு' என்பது டீக்கடைப் பேச்சாகவே முடிந்திருக்கும்.

ஆனாலும் ஒரு குறை மனதில் உறுத்துகிறது. நிலம் பாழானவர் கையில் பட்டா இருந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, கூலி வாங்கியவள் கையில் எந்தத் தாள் இருந்தது? நிலம் தரிசானதும் அவள் மகன் டேனரிக்கு, அதே தோல் ஆலைக்கு, வேலைக்குப் போனான். எந்தத் தண்ணீர் வயலைக் கெடுத்ததோ அதிலேயே முழங்கால் வரை நின்று தோல் அலசினான். அவள் பேத்தி ஷூ கம்பெனிக்குப் போனாள். 'டேனரியை மூடு' என்று விவசாயி கோஷம் போட்டால் அவன் வயிறு கலங்குகிறது. 'எங்க பொழப்புல மண்ணைப் போடாதே' என்று அவன் கத்தினால் விவசாயிக்கு ஆத்திரம். முதலாளி இரண்டு கூட்டத்துக்கும் வருவதில்லை. சுற்றுச்சூழல் கூட்டம் ஒரு ஹாலில், தொழிற்சங்கக் கூட்டம் ஒரு ஹாலில், சாதி ஒழிப்புக் கூட்டம் இன்னொரு ஹாலில் என்று நாம் தனித்தனியாக பேனர் கட்டிக்கொண்டிருக்கும் வரை அவர் வரவேண்டிய அவசியமும் இல்லை.

பாலாற்றைப் பற்றி இன்னொன்றும் சொல்லணும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் இறந்துபோன தலித் ஒருவரின் உடலைப் பாடையோடு கயிறு கட்டிப் பாலத்தின் மேலிருந்து ஆற்றுக்குள் இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் பட்டா நிலம், விட மாட்டோம் என்றதால். வீடியோ எல்லோரும் பார்த்தோம், உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. அது பாலாற்றுப் பாலம். 'பாலாற்றைக் காப்போம்' என்று டி-சர்ட் போட்டுக்கொண்டு நாமெல்லாம் சைக்கிள் பேரணி போகிற அதே பாலாறு. ஆற்றை யாருக்காகக் காப்பாற்றுகிறோம் என்ற கேள்விக்குப் பேரணியில் நேரம் இருப்பதில்லை, ஒன்பது மணிக்குள் வெயில் ஏறிவிடும்.

அமைதியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. 2015 ஜூன் கடைசியில் ஆம்பூரில் கலவரம் நடந்து பஸ்கள் எரிந்த நாட்களில், எங்கள் பக்கத்திலும் அமைதிக் கமிட்டி கூட்டினார்கள். இரண்டு தரப்புப் பெரியவர்கள், பிஸ்கட், போட்டோ. தப்பில்லை. வீடு பற்றிக்கொண்ட பிறகு கிணறு தோண்டுவதைவிட அதுகூட மேல்தான். வேறு வழியும் இருந்திருக்கிறது. திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஆரம்பித்த இரண்டு டாக்டர்கள், ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் ஃபாரஸ்டர் பேட்டனும், கதர் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்த்தார்கள். ஜனங்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் 'சின்ன' அண்ணனாக இருக்கச் சம்மதித்திருக்கிறார் பாருங்கள். நம் மேடைகளில் யார் பேச்சாளர் பட்டியலில் ஏழாவது, யார் எட்டாவது என்பதற்கே போன் பறக்கிறது.

சட்டம் நமக்கு ஒரு கூட்டத்தைக் கொடுத்திருக்கிறது. கிராம சபை. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள். மூவாயிரம் பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் இருந்தால் போதும், தீர்மானம் போடலாம். பாதி ஊர்களில் நோட்டு வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கிப் போகிறது. எங்கள் ஊரிலும் வந்துகொண்டிருந்தது. ஒரு மே தினத்தில் ஏரி வேலைக்குப் போகிற பெண்கள் அறுபது பேர் நேரில் வந்து உட்கார்ந்தார்கள். வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்பு என்று தீர்மானம் எழுதச் சொன்னார்கள். "எழுதினதைப் படிச்சுக் காட்டு" என்று மதகு அம்மா கேட்டார். படித்தபோது 'ஆக்கிரமிப்பு' என்ற வார்த்தை இல்லை, 'சீரமைப்பு' என்று இருந்தது. திருத்தி எழுதும்வரை ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கால்வாய் இன்னும் முழுசாக மீண்டு வரவில்லை. பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கோப்பு கிடைக்கவில்லை என்று பதில் வருகிறது. மூன்றாவது மனு போட்டிருக்கிறோம். நடுவில் வேலிகாத்தான் முள் வேறு மண்டிவிட்டது.

அழைப்பு அனுப்பிய நண்பர் இதைப் படித்தால் வருத்தப்பட வேண்டாம். ஹாலை ரத்து செய்யச் சொல்லவில்லை. அடுத்த தடவை ஒரே ஒரு கூட்டத்தை ஞாயிறு ராத்திரி எட்டரைக்கு, கம்பெனி பஸ் நிற்கிற ஏதாவது ஒரு கூட்டு ரோட்டில் வைத்துப் பாருங்கள். நான் கடைசி வரிசையில் உட்காருகிறேன். பேச வேண்டாம்.

எங்கள் கூட்டம் வழக்கம்போல வரும் ஞாயிறு, ரேஷன் கடை முன்னால். ஐப்பசி பிறந்துவிட்டது, போன தடவை தூறலில் நோட்டு நனைந்து நான்கு பக்கம் மை கரைந்துபோனது. யாரிடமாவது பழைய தார்ப்பாய் இருந்தால் சொல்லுங்கள், பதினைந்துக்கு இருபது அடி இருந்தால் போதும். டம்ளர் கொண்டுவர வேண்டாம். இப்போது இருபத்தெட்டு இருக்கிறது, இரண்டு எங்கே போனது என்று தெரியவில்லை.