‘கேரி’ உண்மைச் சம்பவம் அல்ல

1976இல் வெளிவந்த ‘கேரி’ திரைப்படம் அமெரிக்கப் பாடசாலையொன்றில் உண்மையாகவே நடந்த தீ அனர்த்தத்தைக் காட்டுகிறது என்று ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பாடசாலைப் பிள்ளைகள் அதை அப்படியே பகிர்வதால் இதனை எழுதுகிறேன்.

சுமார் 18 இலட்சம் டொலர் செலவில் பிரையன் டி பால்மா இயக்கிய அப்படம், ஸ்டீபன் கிங்கின் நாவலைத் தழுவியது. வகுப்பில் எல்லோராலும் சீண்டப்படும் கேரியைப் படைக்கும்போது, தாம் பாடசாலையில் கண்ட இரு மாணவிகளின் தனிமையைக் கிங் மனத்திற்கொண்டார் என்பது மெய்யே. ஆனால், நினைத்த மாத்திரத்தில் பொருள்களை அசைக்கும் ஆற்றலும் பாடசாலை நடன விருந்து இரவில் நிகழும் தீப் பேரழிவும் முழுக்கக் கற்பனை. பத்திரிகைச் செய்திகளும் விசாரணைக்குழு அறிக்கைகளும் இடையிடையே வருவதுபோல நாவல் எழுதப்பட்டிருப்பதால், மயக்கம் ஏற்படுவது இயல்புதான்.

சரிபார்ப்பது எளிது. படத்தின் தொடக்க எழுத்துகளிலேயே நாவலாசிரியரின் பெயர் வருகிறது. நாவலைப் புரட்டினால், அந்த நடன இரவு 1979 மே மாதத்தில் நடப்பதாக இருக்கும். பதிப்புரிமைப் பக்கத்திலோ 1974 என்றிருக்கும். நடந்ததாகச் சொல்லப்படும் நாளுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே புத்தகம் அச்சாகிவிட்டது.