வராதவர்களை யார் தேடுவது?

ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று நலம் விசாரிக்கிறோம். சபையின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் வசனம் வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் வருகிறவர்களுக்குள் நடப்பது. மூட்டுவலியால் படியேற முடியாதவர், வேலை போனபிறகு காணிக்கைத் தட்டைப் பார்க்கவே கூச்சப்பட்டு நின்றுவிட்டவர், யாரோ சொன்ன ஒரு சொல்லால் மனம் நொந்து போனவர், இவர்களை யார் தேடுகிறார்கள்? ஒரு சபையின் ஐக்கியத்தை நான் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

வராதவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே எபிரெயர் 10:25-ஐ எடுத்துவிடுவோம். சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது. சரி, அதற்கு முந்தைய வசனம்? ஒருவரையொருவர் கவனிக்கச் சொல்கிறதே! அந்தப் பொறுப்பு உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்கும் உண்டு. அதைச் செய்யாமல் அடுத்த வசனத்தை மட்டும் வராதவர்மேல் வீசுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஆதிச் சபையார் அப்படி விட்டுவிடவில்லை. இரத்தசாட்சியாக மரித்த ஜஸ்டின் 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஞாயிறு ஆராதனையைப் பற்றி எழுதியிருக்கிறார். திருவிருந்தில் வராதவர்களுக்கும் பங்கு உண்டு, உதவிக்காரர்கள் அதை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்கிறார். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போனது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், போதகர் ஜான் வெஸ்லியின் வழிநடத்தலில் இருந்த மெதடிஸ்டு என்ற கிறிஸ்தவ இயக்கத்தார் ஆராதனைக் கூடம் கட்டிய கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தருவதென்று முடிவு செய்தார்கள். சுமார் 12 பேருக்கு ஒருவர் பொறுப்பு. காசு வாங்க வீட்டுக்குப் போனவர்கள், ஒரு வீட்டில் கணவன் மனைவி சண்டையையும் இன்னொரு வீட்டில் குடியையும் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். வெஸ்லிக்கு அப்போதுதான் பிடிபட்டது, ஒவ்வொருவரையும் கவனித்துக்கொள்ளத் தாம் தேடிக்கொண்டிருந்த வழி இதுதான் என்று. வசூலுக்காகப் பிரித்த அந்தக் குழுக்கள் பிறகு ஆத்தும விசாரிப்புக்கான குழுக்களாயின.

இதை இன்றும் செய்யலாம். போதகர் ஒருவரே எல்லாரையும் சந்திக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நாலைந்து குடும்பங்களை ஒருவர் மனதில் வைத்துக்கொண்டாலே எவ்வளவோ மாறும். தூரத்தில் இருப்பவர்களுக்கு ஃபோன் போதும். பவுல்கூட ரோமாபுரிக்குப் போவதற்கு முன்பே 20 பேருக்கும் அதிகமானவர்களைப் பெயர் சொல்லிக் கடிதத்தில் வாழ்த்தினார். ஆனால் பக்கத்தில் இருப்பவரை நேரில் போய்ப் பாருங்கள். காகிதமும் மையும் வேண்டாம், முகமுகமாய்ப் பேசுவோம் என்றுதானே யோவானும் தன் இரண்டாம் நிருபத்தில் எழுதினார்.

மனம் நொந்து போனவரைப் பார்க்கப் போகிறீர்களா? "எப்போது சபைக்கு வருகிறீர்கள்?" என்று முதலில் கேட்காதீர்கள். அவர் சொல்ல வருவதை முழுதாகக் கேளுங்கள். சபையின் பக்கம் தவறு இருந்தால் நியாயப்படுத்தாமல் ஒத்துக்கொள்ளுங்கள். அவர் விரும்பினால் ஜெபித்துவிட்டு வாருங்கள். அப்புறம் அடுத்த வாரமும் போங்கள்.